அன்னம்மாளாணை

பினான்ஸ் கொம்பனி இழுத்து மூடியதும் எத்தாளைக் கரையில் பாதிப் படகுகள் கடலுக்கு இறங்கவில்லை. எண்ணெய் அடிக்கக்கூட யாரிடமும் காசில்லை. சனம் திரண்டு பத்திநாதர் வீட்டு வாசலுக்கு வந்தது. வீடு வீடாய்த் திரிந்து அங்கே காசு போடச் சொன்னவர் அவர்தான்.

"உங்கட மனுசனை நம்பித்தானே போட்டனாங்கள்!" என்று பிலோமினா கத்தினாள்.

பத்திநாதரின் மனைவி தவமலருக்குப் பொறுக்கவில்லை. கணவனை விலக்கிவிட்டு முன்னே வந்தாள்.

"யாழ்ப்பாணத்தில என்ர சீதனக் காணி வித்த காசும் அதுக்குள்ளதான் போச்சு! தலவில் அன்னம்மாளாணை!"

சனம் அடங்கிப்போனது. தவமலர் புனித அன்னம்மாள் பேரில் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். பிலோமினா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அடுத்த கிழமை பத்திநாதர் பிலோமினாவின் படகை அரைவிலைக்கு வாங்கிவிட்டு வந்தார்.

"ஏது காசு?" என்று தவமலர் கேட்டாள்.

"உன்ர காணிக் காசுதான். அதை நான் அங்க போடவே இல்லை. ஆள் சேர்த்துவிட்டதுக்குக் கமிசன் மட்டும் எடுத்தனான்."



"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தா, அண்டைக்கு நீ சத்தியம் பண்ணியிருப்பியோ?"