மூன்றாவது ஃபியூஸ் கட்டை

"சார், மறுபடியும் ஃபியூஸ் கட்டையக் காணோம்!" மூச்சிரைக்க மாடியேறி வந்து சொன்னார் வாட்ச்மேன்.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கோபம் தலைக்கேறியது. தண்ணீர் மோட்டார் பெட்டியில் ஒரே வாரத்தில் மூன்றாவது திருட்டு!

"எந்தப் பாவி செய்யற வேலை இது? அவன் கை விளங்குமா?" சமையலறையிலிருந்து அவர் மனைவி ஊரைக் கூட்டினாள். "பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு!"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "கீழ்க் குழாயத் தொட்டா சுர்ருங்குதுன்னு வேற எல்லாரும் சொல்றாங்க சார்."

"பழைய கட்டடம்னா அப்படித்தான்யா. முதல்ல திருடன் கதைக்கு வா."

"எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு, பெட்டிக்கு நல்லதா ஒரு பூட்டுப் போடச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

அவருக்கும் அது சரியாகப் பட்டது. உடனே போன் போட்டார்.

எலக்ட்ரீஷியன் வந்து புதுக் கட்டையைச் செருகினார். சுவிட்சைப் போட்டுவிட்டு, ஏதோ சந்தேகத்தில் டெஸ்டரைத் தண்ணீர்க் குழாயில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பதறிப்போய்க் கட்டையைப் பிடுங்கினார்.

"சார், ஒயர் தோல் உரிஞ்சு இரும்புக் குழாய்ல ஒட்டிக்கிட்டிருக்கு. ஈரத்துல வெறுங்காலோட நின்னு எவனாவது குழாயத் தொட்டிருந்தா, ஆளு அவ்வளவுதான்! கட்டையத் திருடினவன் புண்ணியவான் சார்."

செயலாளர் குழாயை விட்டு இரண்டடி பின்வாங்கினார். விளையாடிவிட்டு வரும் அவர் மகள் தினமும் கால் கழுவுவது அந்தக் குழாயில்தான்.

ஒயரை மாற்றி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். எலக்ட்ரீஷியன் மறுபடி டெஸ்டரை வைத்தபோது அது எரியவில்லை. அப்போதுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். "நம்ம குழந்தை பிழைச்சா. அந்தத் திருடன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். டீ போடறேன், அந்த மேல் தட்டு டப்பாவ எடுங்க."

எடுத்தார். சர்க்கரை டப்பா இவ்வளவு கனக்குமா? திறந்து பார்த்தார்.

உள்ளே மூன்று ஃபியூஸ் கட்டைகள்!

"ஷாக் அடிக்குதுன்னு நானும்தான் ஒரு மாசமா கத்தினேன், நீங்க அசையல. திருட்டுன்னதும்தானே எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டீங்க?" என்றாள், காலையில் அவளே சபித்த அந்தக் கையை நீட்டி டப்பாவை வாங்கியபடி.