ஒரு நாள் முந்திய பெருநாள்

வீட்டில் நான், என் மனைவி ஜுலேகா, வாசற்படியில் தம்பி சிக்கந்தர், வேறு யாருமில்லை. திருத்தங்கல் உச்சி வெயில் அவன் புதுச் சட்டையில் பட்டுக் கண் கூசுகிறது. பக்கத்து அச்சகத்தின் இரைச்சலில் சுவர் அதிர்கிறது. வெளிநாட்டுப் பிறையை ஏற்பதால் அவனுக்கு இன்றே பெருநாள். உள்ளூர்ப் பிறைக்குக் காத்திருக்கும் எங்களுக்கு இன்னும் நோன்பு. அத்தா இருந்தவரை பெருநாள் சோற்றை ஒரே சஹன் தட்டில் உண்டவர்கள் நாங்கள். பிரியாணி வாளியை ஜுலேகாவிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தழுவக் கைகளை விரிக்கிறான். "நமக்கு அத்தா ஒண்ணு, பிறை மட்டும் ரெண்டாண்ணே?" "எங்களுக்குப் பெருநாள் நாளைக்குத்தாம்லே," என்கிறேன். நாற்காலியில் நிமிர்ந்தே இருக்கிறேன். விரித்த கைகள் மெல்லத் தாழ்ந்து சட்டைப் பொத்தானைத் தடவுகின்றன. அத்தா பூசிவந்த அதே அத்தர் மணம் என் வரை வருகிறது. அவன் செருப்பை மாட்டுகிறான். அதற்குப் பிறகு, தம்பியை நான் விரட்டியடித்ததாகப் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். உள்ளே வா என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.