மைக்கில் சொன்ன கதை

அந்தத் திரையரங்கில் வெளிநாட்டுப் படம் ஓடினால், திரைக்குப் பக்கத்தில் மைக் பிடித்து நின்று கஸ்பார் தமிழில் கதை சொல்வார். அவருக்கும் அந்தப் படங்களின் மொழி தெரியாது. படப்பெட்டியோடு வரும் கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்துக்கொள்வார், அவ்வளவுதான். இந்த முறை முதல் பக்கம் மட்டுமே வந்திருந்தது. அது ஒரு மீனவன் கடலுக்குப் போவதோடு நின்றுவிட்டது. பெண்கள் பகுதியில் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் போன படகு திரும்பாமல் ஒன்பது நாளாகிறது. மனம் கொஞ்சம் மாறட்டும் என்று அக்கம்பக்கத்தார் மதியக் காட்சிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். திரையில் அந்த மீனவனுடைய தாயின் வாசலுக்கு வந்த ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினான். “ஓய் கஸ்பாரு, தூங்கிட்டீரா? அவன் என்ன சொல்லுதான்?” என்று பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். பிலோமினா தலை நிமிர்ந்ததைக் கஸ்பார் பார்த்தார். “பையன் உசுரோட இருக்கானாம். வந்துக்கிட்டே இருக்கானாம்” என்று சொல்லிவிட்டார். அரங்கில் விசில் பறந்தது. பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த காட்சியில் நான்கு ஆட்கள் படகின் பாய்த்துணியில் சுற்றிய நீளமான எதையோ சுமந்துகொண்டு மணலில் நடந்து வந்தார்கள். “இடைவேளை! லைட்டைப் போடுல!” என்று கஸ்பார் மைக்கிலேயே அலறினார். படம் தொடங்கி அரை மணிகூட ஆகவில்லை. “அதுக்குள்ள முறுக்கு விக்கணுமாக்கும்!” என்று யாரோ சிரித்தார்கள். விளக்குகள் எரிந்தன. பிலோமினா எழுந்து திரைவரை நடந்து வந்து, மைக் பிடித்திருந்த அவர் கையைப் பற்றினாள். “அண்ணே, அந்த நாலு பேர்ல அவ மவன் யாரு?”