இருநூறு மீட்டர்

கணவன் இருநூறு மீட்டருக்குள் வரக்கூடாது என்று இசக்கியம்மாளுக்கு நீதிமன்றம் பாதுகாப்பு வளையல் மாட்டிவிட்டது. அவன் நெருங்கினால் வளையல் அதிரும். உடனே அவள் விலகிப்போக வேண்டும். அவன் தினமும் டீ குடிக்கிற சாக்கில் அவள் தெருமுனைக்கு வந்தான். மூன்று வருடத்தில் அவள் நாலு வீடு மாறிவிட்டாள்.

உத்தரவைப் புதுப்பிக்கப் போனபோது எழுத்தர் திரையைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஒரு தடவகூட மீறலம்மா. நீங்கதான் ஒருவாட்டி மீறியிருக்கீங்க. போன செவ்வாய், ரேஷன் கடை. வளையல் அதிர்ந்தும் நகரல."

"அடுத்த ஆளு நாந்தான் சார். விட்டா பருப்பு தீந்துரும்லா."

"பாதுகாப்புன்னா நாமளும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்லம்மா."

அப்போது வளையல் அதிர்ந்தது.

"பாத்தீங்களா, என்னமா வேலை செய்யுது!" என்று எழுத்தர் அவளுக்குப் பின்வாசலைக் காட்டினார்.