தலைகீழாக இருபத்து நாலு பேர்

எண்ணூர் சாலையில் புதிதாகத் திறந்த பூங்காவில், ஆட்களை அதிகம் அலற வைக்கும் ராட்டினம் பீம்ராவின் பொறுப்பில் இருந்தது. ஏறப் பயப்படுகிறவர்களை அவன் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவான். வரிசையின் முன்னால் வந்து நின்ற கெங்கம்மாவும் அவனுக்கு அப்படித்தான் தெரிந்தாள்.

"நைனா, எம்மா நேரம் தலைகீழா தொங்கும்?"

"பத்து செகண்டுதான்க்கா."

"எத்தினி பேரு?"

"இருபத்து நாலு."

"நூறு கிலோ ஆளு ஏறுனா?"

"ஏறிகினுதான் கீறாங்க."

"கீய வுழாம எது புடிச்சிக்கும்?"

"இந்த பெல்ட்டுதான். பயமா கீதுன்னா வேணாம்க்கா. அந்தாண்ட கொயந்தைங்க ரயிலு கீது, அதுல போ."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கெங்கம்மா சிரிக்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் புரட்டி, தையலின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினாள்.

"இன்னாக்கா தேடற?"

"இது நான் தெச்சது நைனா. முடியற எடத்துல மூணு தபா திருப்பி அடிக்கிறது என் பயக்கம். திருவொத்தியூர் கம்பெனில பதினோரு வருசமா பெல்ட்டு தெக்கிறேன். லாரில சரக்கு கட்றதுக்குன்னு நெனச்சிகினு இருந்தேன். இதுக்குன்னு முந்தாநேத்துதான் சொன்னாங்க."

பீம்ராவ் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தான். அவள் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டதும் பொத்தானை அழுத்தினான்.

சுற்றி முடித்து ராட்டினம் நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் பெல்ட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எப்டிக்கா இருந்துச்சி?"

"தையலு நல்லாத்தான் கீது," என்றாள் மூச்சு வாங்க. "ஆனா நாளைலேர்ந்து தெக்கிற மிஷின்ல ஒக்காந்தா நான் யார்கூடவும் பேசமாட்டேன்."