மாமியார் வீட்டுச் சரக்கு

“பயப்பட ஒண்ணுமில்லை. மரபணுப் பரிசோதனை ரிசல்ட் நல்லாவே வந்திருக்கு,” என்றார் டாக்டர். “கிட்னி மாத்தினவங்க சாப்பிடுற மாத்திரையால, வெயில் பட்டா தோல் புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடும். உங்க மரபணுப்படி அந்த வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் பெயின்ட் அடிக்கச் சாரத்துல ஏறும்போது தொப்பி இல்லாம ஏறாதீங்க.”

பெயின்டருக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளி எழுந்து மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“யாரு கொடுத்த கிட்னி! உன்னோடதாச்சே! உங்க வம்சத்து மரபணு இல்ல என்னைக் காப்பாத்துது? இரு, உங்கம்மாகிட்ட இப்பவே சொல்லணும்!”

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டைக் கரித்துக்கொட்டிய மனுஷன், போனும் கையுமாக வராந்தாவுக்கு ஓடினார்.

திறந்திருந்த கதவு வழியே குரல் கணீரென்று கேட்டது. “அத்தை, உங்க வம்சம் சொக்கத் தங்கம் அத்தை! நாளைக்கே கிளம்பி வந்து ஒரு மாசம் இருங்க!”

அவளால் தன் காதையே நம்ப முடியவில்லை.

டாக்டர் நெளிந்தார். “அவர் தப்பா புரிஞ்சுக்கிட்டாரும்மா. நாங்க சோதிச்சது அவரோட ரத்தத்தை. அதெல்லாம் அவரைப் பெத்தவங்க கொடுத்த மரபணு. உங்க கிட்னியை வெச்சதால அது மாறாது. கூப்பிட்டு விளக்கிச் சொல்லட்டுமா?”

அவள் பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“எங்கம்மா வந்துட்டுப் போற வரைக்கும் மூச்சு விட்டுடாதீங்க டாக்டர்! மரபணு மாறாட்டி போகட்டும், மருமகன் மாறிட்டாரே!”