துணைக்கு வந்தவன்

"குடிகாரி கையில என் தம்பி பொண்ணு வளரக் கூடாது. அவ்வளவுதான்."

அக்காக்காரி முடிவெடுத்துவிட்டாள். அவள் முடிவெடுத்துவிட்டால் கட்டின புருஷனே மறுபேச்சுப் பேச மாட்டான். பக்கத்துக் கடைத் தையல்காரி எம்மாத்திரம்?

சேதியைக் காதில் போட்டவளே அந்தத் தையல்காரிதான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா உங்க தம்பி பொண்டாட்டி பள்ளிக்கூடத்துக்குள்ள போறா. அங்க என்ன கூட்டம்னு தெரியுமா? குடியை விட முடியாதவங்க கூட்டம்."

தம்பி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஈரல் கெட்டுத்தான் போனான். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலை என்றே சொல்லி வைத்திருந்தாள் அக்காக்காரி. தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் பேரில் ஒரு சொல் விழுந்தாலும் தாங்க மாட்டாள்.

"அவன் ஏன் அப்படி உருகிப்போனான்னு இப்பத்தான் புரியுது. குடிகாரியைக் கட்டிக்கிட்டு எவன் நல்லா இருப்பான்?"

அடுத்த ஞாயிறு இருவரும் கிளம்பினார்கள். தையல்காரி பள்ளிக்கூடக் கேட்டோடு நின்றுகொண்டாள். வேடிக்கை பார்க்க ஆசை, வம்பில் மாட்டிக்கொள்ளப் பயம்.

ஒன்றாம் வகுப்பு அறை. குட்டி குட்டி பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்காக்காரி கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கினாள். யாரும் அவளை யாரென்று கேட்கவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு பஸ் மெக்கானிக். "தோணினவங்க எழுந்து சொல்லலாம். சொல்லாம உட்கார்ந்திருந்தாலும் சரி, டீ உண்டு," என்றார். யாரும் எழவில்லை. முன் பெஞ்சில் புதிதாக வந்த ஒரு பருத்த ஆள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி மனைவி எழுந்தாள்.

"நான் குடிக்கிறவ. இன்னிக்குக் குடிக்கலை."

உட்கார்ந்துவிட்டாள்.

 கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, ஆனால் அக்காக்காரிக்குச் சந்தோஷம் வரவில்லை. இவளிடம் என்ன பாடுபட்டானோ என்று தம்பியை நினைத்துக் கண் நிறைந்தது. பருத்த ஆள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நானும்தான்..." என்று விம்மியதை அவள் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் வழிமறித்தாள்.

"அண்ணி, நீங்களா?"

"அண்ணின்னு கூப்பிடாதே. உன் வாயாலேயே கேட்டுட்டேன். பிள்ளையை இன்னிக்கே நான் கூட்டிட்டுப் போறேன்."

தம்பி மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.  

"இல்லைன்னு சொல்லேன், பார்ப்போம். சொல்ல முடியுமா உன்னால?"

 அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

டீ கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார்.

"அண்ணே, வேண்டாம்," என்றாள் தம்பி மனைவி.

"இங்க பேசினதை வெளியில சொல்லக் கூடாதுங்கறது எங்க சட்டம்தான். ஆனா இது பிள்ளை விஷயம், தங்கச்சி." அக்காக்காரியிடம் திரும்பினார். "அம்மா, இந்தப் பொண்ணு ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. நான் பாதி வாழ்க்கையைப் பாட்டில்லயே கழிச்சவன். குடிக்கிற ஆளை எனக்குத் தெரியாதா?"

"பின்ன எதுக்கு அப்படிச் சொன்னா?"

"உங்க தம்பிக்காக. இந்தக் கூட்டத்தை எங்கெங்கேயோ விசாரிச்சுக் கண்டுபிடிச்சு அவரைக் கூட்டிட்டு வந்துச்சு. அவர் அதோ அந்தப் படியிலயே நின்னுட்டார். 'யாராவது பார்த்து எங்க அக்காகிட்ட சொல்லிட்டா? குடிகாரன்னு பேர் எடுத்தா என் முகத்துல முழிக்காதேன்னு சொல்லியிருக்கு'ன்னு ஒரே அழுகை."

 அக்காக்காரிக்குத் தான் சொன்னது ஞாபகம் இருந்தது. எதற்கோ கோபத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு மறுநாளே மறந்தும் போனாள்.

"இந்தப் பொண்ணுதான், 'யார் கேட்டாலும் குடிக்கிறது நான்னு சொல்லுங்க. நீங்க எனக்குத் துணைக்கு வந்திருக்கீங்க, அவ்வளவுதானே?'ன்னு சொல்லிட்டு முதல்ல உள்ள வந்து எழுந்து நின்னுச்சு. பொய்னு எங்க எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும். யாரும் கேட்டுக்கலை. துணைக்கு வந்தவர் கடைசி வரைக்கும் அந்தக் கடைசி பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள்கூட எழுந்து நிக்கலை."

தான் உட்கார்ந்திருந்த பெஞ்சை அக்காக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அவன்தான் போயிட்டானே. இன்னும் ஏன் வரா?" பெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"முன் பெஞ்சுல அழுதாரே ஒருத்தர், பார்த்தீங்களா? ஒரு பொம்பளையே எழுந்து சொல்லிட்டா, புதுசா வர்றவனுக்கும் வாய் திறந்துடும். அதுக்குத்தான் வருது."

தம்பி மனைவி தலைகுனிந்தபடியே கேட்டாள். "பிள்ளையைக் கூட்டிட்டுப் போறீங்களா அண்ணி?"

 அக்காக்காரி அவள் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள்.

தையல்காரி தயாராக நின்றிருந்தாள். தெருவில் தெரிந்தவர்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள்.

"என்னக்கா, நான் சொன்னது சரிதானே? குடிக்கிறாளா?"

"இவ குடிக்கலை. குடிச்சது என் தம்பி." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் அக்காக்காரி. "காமாலையெல்லாம் இல்லை. குடிச்சுத்தான் செத்தான். அதை என்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டே செத்தான்."